காரை ஓட்டியது என் தம்பி அல்ல

அனுப்புநர்:
கு. சொர்ணவல்லி (வயது 43),
க/பெ. குழந்தைசாமி,
மேற்குத் தெரு, கீரமங்கலம்,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம், புதுக்கோட்டை.

பொருள்: மது அருந்தி வாகனம் ஓட்டி விபத்து ஏற்படுத்தியதாக என் தம்பி கவியரசன் மீது பதிவான வழக்கு – வாகனத்தை ஓட்டியவர் அவர் அல்ல, என் கணவர் என்பது – விசாரணையில் நான் சொன்ன பொய்யைத் திரும்பப் பெறுவது – மேல்விசாரணை கோருவது – தொடர்பாக.

பார்வை: எங்கள் சரகக் காவல் நிலையக் குற்ற எண் 47/2025, நாள் 16.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாகச் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கிறேன். இதுவரை எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்ததில்லை. இப்போது கொடுப்பது என் கணவர் மீதான புகாராகத் தோன்றும். ஆனால் முதல் புகார் என் மீதுதான் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். சில இடங்களில் அடித்தல் திருத்தல் இருக்கும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. என் கணவர் குழந்தைசாமி அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிகிறார். எங்களுக்குத் திருமணமாகி இருபத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் கார்த்திகா, திருச்சியில் விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். என் உடன்பிறந்த தம்பி கவியரசனுக்கு முப்பத்தொரு வயது. எனக்கும் அவனுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். அவன் கனரக வாகன உரிமம் பெற்றவன். தனியார் பள்ளி ஒன்றில் ஆறு ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டிவந்தான். அந்த ஆறு ஆண்டுகளில் அவன் பெயரில் ஒரு சிறு அபராதம்கூட இல்லை. அவன் மனைவி பிரகதீஸ்வரியின் பிறந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது.

2. கடந்த 16.02.2025 ஞாயிற்றுக்கிழமை, உறவினர் வீட்டுக் காதணி விழாவை முன்னிட்டுக் குலதெய்வக் கோவிலில் கிடா விருந்து நடந்தது. என் கணவர், நான், தம்பி மூவரும் எங்கள் காரில் போயிருந்தோம். பிரகதீஸ்வரி குழந்தைக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. விருந்தில் ஆண்கள் குடித்தார்கள். என் கணவரும் குடித்தார், தம்பியும் குடித்தான். மறைப்பதற்கில்லை.

கிளம்பும் நேரத்தில் என் கணவர் சாவியைத் தம்பியிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை. அப்போது அவன் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "மச்சான், நான் ரெண்டு டம்ளர் போட்டுருக்கேன். சாவியத் தொட மாட்டேன். நீங்களும் தொடாதீங்க. காரு இங்கிட்டே கெடக்கட்டும், ஆட்டோ சொல்லுவோம்" என்றான். அதற்கு என் கணவர், "இந்தா இருக்க கீரமங்கலத்துக்கு ஆட்டோவா? பயமா இருந்தா நீ கண்ண மூடிக்கடா" என்று சிரித்தபடி ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

நான் தடுத்திருக்க வேண்டும். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே தவிர, அவர் கையிலிருந்து சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்ளத் தெரியும். மறுநாள் பள்ளிக்குச் சாமான் வாங்க வேண்டும், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில், "மெதுவாப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன். தம்பி முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தான். வழியில் இரண்டு முறை, "மச்சான், ஓரமா நிறுத்துங்க" என்று கேட்டான். அவர் நிறுத்தவில்லை.

3. மாலை ஏறக்குறைய நான்கு மணிக்கு, கீரமங்கலம் வருவதற்கு முன்னுள்ள வாழைத்தோப்பு வளைவில் கார் சாலையின் வலப்பக்கமாக விலகியது. எதிரே மொபெட்டில் வந்த சேந்தன்குடி நல்லதம்பி என்ற பூ விவசாயி மீது மோதியது. அவர் கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் பூவை இறக்கிவிட்டு வெறும் சாக்குகளோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். காலில் எலும்பு முறிந்து தோப்பு வேலியோரம் கிடந்தார். காரிலிருந்து முதலில் இறங்கி ஓடியவன் என் தம்பி. அவர் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு 108-க்குப் பேசியவனும் அவனே. என் கணவர் காரைச் சுற்றி வந்து முன்பக்கம் நின்று, நசுங்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். இருபத்தோரு ஆண்டுகளில் நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்தது அந்த ஒருமுறைதான்.

4. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நடந்ததுதான் இந்த வழக்கின் உண்மை. என் கணவர் தம்பி அருகில் போய்க் குந்தி, "கவி, என் வேலை போயிரும்டா" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. 'நீ ஓட்டியதாகச் சொல்' என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதையும் நியாயத்துக்காகப் பதிவு செய்கிறேன். என் தம்பி அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "நீங்க பேசாம இருங்க மச்சான். நாந்தான் ஓட்டுனேன்னு சொல்லிக்கிறேன். ஃபைன் போட்டு விட்டுருவாங்க. அக்கா, நீயும் அப்படியே சொல்லிரு" என்றான்.

எங்கள் மூவரில் எவருக்கும் சட்டம் தெரியாது. குடித்துவிட்டு ஓட்டினால் அபராதம், கட்டினால் முடிந்தது என்றே நினைத்தோம். ஓட்டுநரான அவனுக்குக்கூட அதன் பின்னால் வரப்போவது எதுவும் அன்று தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவன் அப்படித்தான் சொல்லியிருப்பான் என்பது வேறு விஷயம்.

5. காவல்துறையினர் வந்தபோது என் கணவர் அங்கே இல்லை. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து வருவதாகச் சொல்லி, தெரிந்தவர் ஒருவரின் இருசக்கர வாகனத்தில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். நிலையத்துக்கு அவர் வந்தது ஆறரை மணிக்கு. குளித்து, வேறு வேட்டி சட்டை மாற்றி, திருநீறு பூசியிருந்தார். அதற்குள் என் தம்பியை ஊதச் சொல்லிக் கருவியில் அளவு எடுத்திருந்தார்கள். நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் வரைதான் அனுமதி, அவனுக்கு நாற்பத்தொன்று என்று சொன்னார்கள். அதே நேரம் என் கணவரை ஊதச் சொல்லியிருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவரைச் சோதிக்காதது காவலர்களின் தவறு அல்ல. காரை ஓட்டியவன் நான் என்று ஒருவன் முன்வந்து நிற்கும்போது, மற்றவரை ஏன் சோதிக்கப் போகிறார்கள்?

பெண் காவலர் ஒருவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து விசாரித்தார். "யாரும்மா வண்டி ஓட்டுனது?" என்று கேட்டார். "என் தம்பிங்க" என்றேன். எழுதிக்கொண்டு, வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். சரி என்றேன். என் கணவரும் வாகன உரிமையாளர் என்ற முறையில் அவ்வாறே எழுதிக் கொடுத்தார். தம்பி மீது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவுகள் 281, 125(b) மற்றும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185 ஆகியவற்றின் கீழ் வழக்குப் பதிவானது. அவனை நிலையப் பிணையில் விட்டார்கள்.

6. மறுநாள் காலையிலேயே செய்தி, அவன் படத்தோடு, பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. ஒன்பது மணிக்குள் இருபது பேருக்கு மேல் பள்ளி வாசலில் கூடிவிட்டார்கள். அவனே போய் வேன் சாவியை ஒப்படைத்தான். "ஆறு வருசமா எம்புள்ளைய இந்தக் குடிகாரன் கையிலயா குடுத்து அனுப்புனேன்?" என்று ஒரு தாய் அவன் முகத்துக்கு நேராகக் கேட்டாராம். அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள். பணி நேரத்தில் எப்போதாவது மது அருந்தியதுண்டா என்று பள்ளி நிர்வாகம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டது. 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தான். 'விளக்கம் ஏற்கத்தக்கதல்ல' என்று அதன் கீழேயே எழுதி, அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தக் கடிதத்தின் நகல் இத்துடன் உள்ளது.

அடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. அவனுடைய ஓட்டுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குத் தற்காலிகமாக நீக்கப்பட்டது. அந்த ஆறு மாதம் சென்ற மாதத்தோடு முடிந்துவிட்டது. ஆனால் நீதிமன்றத்தில் தண்டனையாகிவிட்டால் உரிமம் மீண்டும் நீக்கப்படலாம் என்றும், பள்ளி வாகனமோ ஆம்புலன்ஸோ அதற்குப் பிறகு எவரும் நம்பித் தர மாட்டார்கள் என்றும் அவனுடைய வழக்கறிஞர் திருப்பதி அவர்கள் கூறுகிறார். ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் அறியாத அவன் இப்போது கீரமங்கலத்தில் ஒரு தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிறான். பழக்கமில்லாத வேலை. கடப்பாரை முனை கிழித்து, வலது உள்ளங்கையில் ஐந்து தையல் போட்டிருக்கிறது.

7. ஐயா, இனி எழுதப்போவது சட்டத்துக்குத் தேவையா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதை எழுதாவிட்டால் மனு முழுமையாகாது.

பிரகதீஸ்வரியின் தகப்பனார், அவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டி, பாலத்துக் கட்டையில் மோதி இறந்தவர். என் தம்பியைப் பெண் பார்க்க அழைத்துப் போனபோது, நகை, சீர் என்று எதையும் அவள் பேசவில்லை. "குடிக்காதீங்கன்னு நான் சொல்லல. குடிச்சா வண்டியத் தொடக்கூடாது. இது ஒண்ணுதான் எனக்கு வேணும்" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள். அவனும் வாக்குக் கொடுத்தான். அன்று கோவிலில் அவன் சாவியை வாங்க மறுத்தது அந்த வாக்குக்காகத்தான்.

அந்த வாக்கைக் காப்பாற்றியவனைத்தான், வாக்குத் தவறியவன் என்று அவன் மனைவி நம்பினாள். நம்பும்படி செய்தவள் நான். விபத்து நடந்த ஐந்தாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம், "எங்கப்பாவப் பாத்துட்டு வந்தவ அண்ணி நான். இன்னொரு தடவ அந்தச் சேதிக்குக் காத்துக்கிட்டு ஒக்கார என்னால முடியாது" என்றாள். 

உரிமம் இல்லாததால் என் தம்பி ஒவ்வொரு ஞாயிறும் பேருந்தில் வல்லத்திராக்கோட்டைக்குப் போவான். மாமியார் வீட்டு வாசலிலேயே நின்று, குழந்தையைத் தூக்கி வைத்திருந்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்புவான். அவள் வெளியே வருவதில்லை. "உண்மையை அவளிடமாவது சொல்லிவிடு" என்று நான் கேட்டபோது, "சொன்னா அவ நேரா ஸ்டேஷனுக்குப் போயிருவாக்கா. அப்புறம் கார்த்திகா படிப்பு என்னாகும்?" என்றான். தன் குழந்தையைவிட என் பெண்ணை நினைத்தான். நான் அவனுடைய குழந்தையை நினைக்கவில்லை.

8. என் கணவரைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒரு சொட்டு குடிக்கவில்லை. காரைத் தொடவில்லை, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறார், அலுவலகத்துக்குப் பேருந்தில் போகிறார். நல்லதம்பியைப் பார்க்க மருத்துவமனைக்கு வாரம் ஒருமுறை போய்வந்தார். ஆனால் அங்கேயும், காரின் சொந்தக்காரர் என்றுதான் போனாரே தவிர, ஓட்டியவர் என்று போகவில்லை.

நான் நான்கு முறை அவரிடம் பேசினேன். முதல் முறை, "இன்னும் பதினொரு வருசம் சர்வீஸ் இருக்கு. சஸ்பெண்டு பண்ணிட்டா நம்ம புள்ள கதி என்ன?" என்றார். இரண்டாம் முறை, "அவனுக்கு என்ன, சின்ன வயசு, வேற வேலை பாத்துக்குவான்" என்றார். சொன்னவுடன் அவரே வெட்கப்பட்டு எழுந்து போய்விட்டார். மூன்றாம் முறை வாசலுக்குப் போய்த் தார்ப்பாயின் கயிற்றை இழுத்துக் கட்டினார். நான்காம் முறை, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கை கழுவிவிட்டார். அதன்பின் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

9. கடந்த ஏழு மாதங்களாக என் நிலை இது. பள்ளிச் சமையலறையில் முட்டையை எண்ணும்போது எண்ணிக்கை தவறுகிறது. ஒருநாள் சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்டு, நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள் தயிரைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். காவல் வாகனம் தெருவில் போனால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். கைப்பேசி அடித்தால், தம்பி ஏதாவது செய்துகொண்டானோ என்றுதான் முதலில் தோன்றுகிறது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவர், வீட்டில் ஏதும் கவலையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழகிவிட்டதோ என்று அன்றுதான் பயந்தேன்.

23.07.2025 புதன்கிழமை, மனு வாங்கும் நாள் என்று கேள்விப்பட்டுத் தங்கள் அலுவலக வாசல் வரை வந்தேன். வரவேற்பில் இருந்த காவலர், "என்ன மனும்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "எடம் மாறி வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் மூன்று கீரமங்கலம் பேருந்துகளை விட்டுவிட்டு நான்காவதில் ஏறினேன். என் மீதே வழக்கு வருமோ, என் வேலையும் போய்விடுமோ என்ற பயம். இன்றும் அந்தப் பயம் போகவில்லை. பயத்தோடுதான் வந்திருக்கிறேன்.

10. ஆகஸ்ட் கடைசியில் சேந்தன்குடிக்குப் போய் நல்லதம்பி அவர்களைப் பார்த்தேன். ஊன்றுகோலோடு முல்லைத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும், "ஒந்தம்பி எப்படி இருக்கான்?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஆள் அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பிறகு அவர் சொன்னது வருமாறு: "கீழ கெடந்தப்ப எனக்கு நெனவு இருந்துச்சும்மா. வலது பக்கக் கதவத் தெறந்து எறங்குனது வேட்டி கட்டுனவரு. எனக்குத் தலைய முட்டுக் குடுத்த தம்பி பேன்ட்டு. போலீசு என்னைய ஆஸ்பத்திரில கேட்டது, காரு எந்தப் பக்கம் வந்துச்சுங்கிறது மட்டுந்தான். யாரு ஓட்டுனதுன்னு கேக்கல. அதான் ஒத்துக்கிட்டாங்களேன்னு விட்டுட்டாங்க. நானா போயி என்னத்தச் சொல்ல? என்னைய மடியில வச்சுக் காப்பாத்துனவனே நாந்தான் ஓட்டுனேன்னு நிக்கிறான். கேட்டா சொல்றேன்மா, எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

ஏழு மாதமாக எங்கள் மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த உண்மையை, கால் முறிந்த மனிதர் முதல் நாளிலிருந்தே சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

11. அதன் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. 06.09.2025 சனிக்கிழமை வல்லத்திராக்கோட்டைக்குப் போய்ப் பிரகதீஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள், என்னை வெளியே தள்ளுவாள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அப்படி எதுவும் செய்யவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் முழுவதும் ஊட்டி முடித்தாள், வாயைத் துடைத்துவிட்டாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இருபத்தெட்டு ஞாயித்துக்கெழம அண்ணி" என்றாள். "இருபத்தெட்டு ஞாயித்துக்கெழம அவுகள வாசல்ல நிக்க வச்சேன். ஒரு வாய் தண்ணி குடுக்கல." தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "இத என்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். எழுதித் தருகிறேன் என்றேன். அந்த எழுத்துதான் இந்த மனு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தம்பி போனபோது, அவள் வாசலுக்கு வந்து அவனை உள்ளே கூப்பிட்டிருக்கிறாள். உண்மை தெரிந்துவிட்டதாக அவள் அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை. ஏன் கூப்பிட்டாள் என்று புரியாமல் அவன் என்னிடம் வந்து கேட்டான். நானும் சொல்லவில்லை. சொன்னால் இந்த மனுவைக் கொடுக்க விடமாட்டான்.

12. அவசரம் என்னவென்றால், காவல் நிலையத்திலிருந்து ஜூலையில் குற்றப் பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டு, ஆலங்குடி நீதிமன்றத்தில் வருகிற 15.09.2025 திங்கட்கிழமை என் தம்பி ஆஜராக வேண்டும். அன்று குற்றத்தை ஒப்புக்கொள்வதாக அவன் முடிவு செய்திருக்கிறான். முதல் குற்றம், ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வழக்கறிஞருக்கும் நடந்த உண்மையை அவன் சொல்லவில்லை. ஒருமுறை நீதிபதி முன் தலையாட்டிவிட்டால் பிறகு யார் என்ன சொல்லியும் அதை அழிப்பது கடினம் என்று விசாரித்து அறிந்தேன். இன்று புதன். இடையில் நான்கு நாட்களே உள்ளன. இந்த நான்கு நாட்களில் எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை.

13. ஆகவே, தாங்கள் அருள்கூர்ந்து கீழ்க்கண்டவற்றைச் செய்துதர வேண்டுகிறேன்.

பார்வையில் கண்ட வழக்கில் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று மேல்விசாரணை செய்ய உத்தரவிட வேண்டும். அதுவரை என் தம்பியின் ஒப்புதலைக் கொண்டு வழக்கை முடிக்காதிருக்க, திங்கட்கிழமைக்கு முன்பாகவே நீதிமன்றத்துக்கு அறிக்கை அளிக்க வேண்டும்.

16.02.2025 அன்று நான் சொன்னது பொய் என்பதை இதன் மூலம் எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். நீதித்துறை நடுவர் முன்னிலையில் வாக்குமூலம் கொடுக்கவும் தயாராக இருக்கிறேன். பொய்யான தகவல் கொடுத்ததற்காக என் மீது சட்டப்படி எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். அதில் சலுகை எதுவும் கேட்கவில்லை.

நல்லதம்பி அவர்களை மீண்டும் விசாரிக்க வேண்டும். அவரால் வெகுதூரம் நடக்க முடியாது என்பதால் அவர் இடத்துக்கே சென்று விசாரித்தால் நல்லது.

என் தம்பி பொய்யாக ஒப்புக்கொண்டதும் தவறுதான். ஆனால் அவன் குடித்துவிட்டு வாகனம் ஓட்டவில்லை. அவனைத் தண்டிக்க வேண்டுமானால் அவன் செய்ததற்குத் தண்டியுங்கள். செய்யாததற்கு வேண்டாம்.

14. என் கணவரைப் பொறுத்தவரை ஒரு கோரிக்கை உண்டு. அவரை அலுவலகத்தில் சக ஊழியர்கள் முன்னிலையில் விசாரிக்க வேண்டாம், வீட்டு முகவரிக்கு அழைப்பாணை அனுப்புங்கள் என்று முதலில் எழுதியிருந்தேன். அவரது அலுவலகத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டிருந்தேன். அதை மாற்றி, இந்தப் பகுதியை இன்று காலை இங்கே வந்து எழுதிச் சேர்க்கிறேன்.

நேற்று மாலை அவர் பேருந்திலிருந்து இறங்கி வந்ததும், இந்த மனுவை அவர் முன் வைத்தேன். அவருக்குத் தெரியாமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். கிழித்துவிடுவார் என்று பயந்து, நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையே நின்றுகொண்டிருந்தேன். படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் ஒற்றுப்பிழை விட்டிருந்த மூன்று இடங்களைத் திருத்தினார். கடைசித் தாளின் காலியான பின்பக்கத்தில் தம் பெயர், பதவி, அலுவலக முகவரி, அஞ்சல் குறியீட்டு எண் எல்லாவற்றையும் தம் கையாலேயே எழுதினார். தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டி, "நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போயிரு. பத்து மணிக்கு மேல கூட்டமாயிரும்" என்றார். 

இதை அவருடைய ஒப்புதல் என்று நான் எடுத்துக்கொள்ளலாமா என்பது தெரியவில்லை. இன்று காலை நான் முதல் பேருந்துக்குக் கிளம்பியபோது, அவர் வழக்கம்போல அலுவலகத்துக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தார். ஐயா, இந்த ஏழு மாதத்தில் காவலரோ, மருத்துவரோ, உறவினரோ, "காரை நீ ஓட்டினாயா?" என்று அவரிடம் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் பேசிய நான்கு முறையும்கூட, சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேனே தவிர, அப்படிக் கேட்டதில்லை. தாங்கள் ஒருமுறை நேராகக் கேளுங்கள். சொல்லிவிடுவார் என்று நம்புகிறேன். சொல்லாவிட்டால், பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்தவள் நான் இருக்கிறேன். எத்தனை முறை கேட்டாலும் இனி ஒரே பதிலைத்தான் சொல்வேன்.

திங்கட்கிழமைக்குள் தாங்கள் எடுக்கும் நடவடிக்கைக்காகக் காத்திருக்கிறேன்.

இணைப்பு:
பள்ளி நிர்வாகத்தின் பணிநீக்கக் கடித நகல்
ஓட்டுநர் உரிமம் தற்காலிக நீக்க ஆணை நகல்
நீதிமன்ற அழைப்பாணை நகல்
என் ஆதார் அட்டை நகல்

இடம்: புதுக்கோட்டை
நாள்: 10.09.2025

இப்படிக்கு,
உண்மையைக் காலம் தாழ்த்திச் சொல்லும்,
(ஒப்பம்)
கு. சொர்ணவல்லி

விசாரணைக்கு அழைக்க வேண்டியவர் முகவரி: (என் கணவர் தம் கைப்பட எழுதியது, பின்பக்கம் காண்க.)